தட்டிவிட்டு உள்ளே வரவும்

பிப்ரவரி 3

காலையில் வழக்கமான ஓட்டம், வழக்கமான திட்டு. கோச் குருமூர்த்தி சார் இன்றைக்கு என்னை எருமை என்று இரண்டே தரம்தான் சொன்னார். நல்ல நாள்.

சாப்பிடும்போது ஆன்சி வந்தாள். எங்கள் கபடி அணியின் மீடியா வேலையெல்லாம் அவள் தலையில். சேலம் டவுன் பெண், இரண்டு கையிலும் இரண்டு போன். நாளை மறுநாள் ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் உட்கார வேண்டியவர்கள் பெயரைப் படித்தாள். கேப்டன், சென்னிமலை, அப்புறம் ஆட்ட நாயகன் யாரோ அவர். என் பெயர் இல்லை. அதற்கப்புறம் எனக்கு இன்னும் நாலு இட்லி உள்ளே போனது.

சென்னிமலை எங்கள் முதல் ரெய்டர், என் அறைக்கூட்டாளி. தூக்கத்திலும் பேசுவான். மைக்கைப் பார்த்தால் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். நான் வாசல் எங்கே என்று தேடுவேன். ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ, இடது மூலையில் நிற்கிற என் கணுக்கால் பிடிக்குப் பயப்படாத ரெய்டர் லீக்கில் இல்லை. இப்படிப்பட்ட மோகன்குமார் ஒரு கறுப்புக் குச்சிக்குப் பயப்படுகிறான். கேட்டால் சிரிப்பார்கள். கேட்காமலே ஊர் சிரித்துவிட்டது.

போன சீசன். கடைசி நொடியில் நான் அவசரப்பட்டுப் பாய்ந்து, ஒரு பாயிண்டில் தோற்றோம். மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் முகத்தில் படக்கென்று விளக்கு. "உங்க அவசரத்தாலதான் தோத்ததா சொல்றாங்களே, இப்ப மனசுல என்ன ஓடுது?" பதில் இருந்தது. மனசிலிருந்து வாய்க்கு வரவில்லை. முழித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ராத்திரிக்குள் என் மூஞ்சி ஸ்டிக்கர் ஆகிவிட்டது. கீழே "லோடு ஆகிறது, பொறுக்கவும்". கரண்ட் போனால் என் மூஞ்சி, கேஸ் வராவிட்டால் என் மூஞ்சி. மாமனாரே எனக்கு அனுப்பினார், மாப்பிள்ளைதான் அது என்று கவனிக்காமல்.

அன்றிலிருந்து மைக்கைக் கண்டால் விரல் மரத்துப்போகிறது. தொண்டை அடைக்கிறது. இரண்டு தரம் வாந்தி எடுத்திருக்கிறேன். ஆட்டத்தில் பத்தாயிரம் பேர் கத்தினாலும் ஒன்றும் ஆவதில்லை.

பிப்ரவரி 5

ஜெயித்தோம்! ஐந்து பேரைப் பிடித்தேன். கடைசி ஆளைப் பிடித்ததும் சென்னிமலை என் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினான். சேலத்துக் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. அதைப்போல ஒரு சத்தம் உலகத்தில் இல்லை.

அப்போது ஒலிபெருக்கியில், "ஆட்ட நாயகன், மோகன்குமார்!"

கைதட்டல் முடிவதற்குள் நான் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"அண்ணா, அஞ்சு நிமிஷந்தான். வாங்கண்ணா." வெளியே ஆன்சி.

"முடியாது."

"நான் என்னன்னு சொல்லட்டும்?"

"எதையாவது சொல்லு."

லீக் விதிப்படி ஒரு சீசனில் மூன்று தரம் மைக்கைத் தவிர்த்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. போன மாதம் ஒன்று, இன்று ஒன்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பிப்ரவரி 6

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். ஆட்ட நாயகனுக்கு வயிற்றுப்போக்கு.

எதையாவது என்றால் இதையா சொல்வது?

அம்மா போன். "ஏஞ்சாமி, மாதுளந்தோல அரைச்சு மோர்ல குடி. அந்த ஓட்டல் சோத்தத் திங்காத." அப்புறம் அத்தை, அப்புறம் பால்காரர், அப்புறம் என் பத்தாம் வகுப்பு வாத்தியார். சென்னிமலை என் கட்டிலில் உப்பு சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூவும் வைத்திருந்தான். ஆன்சி மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வீட்டு நம்பருக்கும் கூப்பிட்டு, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொன்னாளாம். அம்மா நம்பவில்லை.

பிப்ரவரி 9

வெளியூர் ஆட்டம். தோற்றோம், ஒரு பாயிண்டில்.

எழுதத்தான் வேண்டும். நாலு பேரைப் பிடித்திருந்தேன். ஐந்தாவது ஆள் உள்ளே வந்தான். கால் என் கைக்குள் முழுசாக வந்துவிட்டது. கணுக்கால் எலும்பு உள்ளங்கையில் படுகிறது. அந்த நேரத்தில், இதையும் பிடித்தால் நான்தான் ஆட்ட நாயகன், மறுபடியும் மைக் — 

விட்டுவிட்டேன்.

வழுக்கல. உட்டேன். நானே உட்டேன். ஏன்டா உட்டே? ஆறு பேர் உன்னைய நம்பி நிக்கறாங்க, உன்ற கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, சங்கிலியாட்ட. அந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணித் தொலைச்சே?

குருமூர்த்தி சார் தோளில் தட்டினார். "வேர்வைல வழுக்கும்டா. உடு." எருமை என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 10

இன்று எழுத ஒன்றும் இல்லை. பொய்.

பிப்ரவரி 11

இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்தேன், மல்லசமுத்திரம். ஷாலினி திருச்செங்கோட்டில் ஆஸ்பத்திரி லேப் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கால ஏன் உட்டீங்க?"

"வழுக்கிருச்சு."

"வழுக்குன காலுக்கும் உட்ட காலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்களா? பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே உங்க ஆட்டம் அத்தனையும் பாத்தவ நானு."

இவளிடம் பொய் சொல்லி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா, அப்பாவோடு கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. "சக்கரை கூடுனா டாக்டர்கிட்டப் போறமில்லீங்க. இதுக்கும் டாக்டர் இருக்காங்க. நாளானிக்கு லீவு போடறேன், போலாம்" என்றாள். அப்புறம், "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க, லோடு ஆகறாப்பலயே இருக்குது" என்றாள்.

கட்டிய பெண்டாட்டியே.

பிப்ரவரி 13

சேலத்தில் மனநல டாக்டரைப் பார்த்தோம். எனக்கு அக்கா வயதிருக்கும். நிதானமாகக் கேட்டார். இடையில் ஒரு தரம்கூட வாட்ச் பார்க்கவில்லை.

நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அவரிடம் வருகிறவர்களில் பாட்டு பாடுகிறவர், வக்கீல், பள்ளிக்கூட ஹெச்.எம். எல்லாம் உண்டாம். இதற்கு ஒரு பெயரும் இருக்கிறதாம். பெயர் இருக்கிறது என்று கேட்டதுமே பாதி பாரம் இறங்கியது. இத்தனை நாளும் இதற்கு மோகன்குமார் என்றுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கால் சுளுக்குனா மொதல்ல யார்கிட்ட சொல்வீங்க?"

"கோச்கிட்டங்க."

"அப்ப இதையும் அவர்கிட்ட சொல்லுங்க."

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். திருப்பிக் கேள்வி கேட்காதவர்கள் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகச் சொன்னார். திருப்பிக் கேட்காதவர்களா? எங்கள் வீட்டிலா?

பிப்ரவரி 14

குருமூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டேன். காலை விட்டதையும் சேர்த்து.

நெடுநேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். "பேசப் பயந்த ஆள் இல்ல நான். அதனால எனக்கு இது புரியல. ஆனா நீ சொல்ற. அப்ப இருக்குது. தோள்பட்டைன்னா பிசியோவக் கூப்புடுவேன், இதுக்கு ஆன்சியக் கூப்புடறேன்" என்று சொல்லிக் கூப்பிட்டும்விட்டார். போகும்போது, "இன்னொரு தரம் கால உட்டே, அப்ப இருக்குது உனக்கு, எருமை" என்றார். அப்பாடா.

ஆன்சிக்குக் கோபம். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏண்ணா வயித்தை இழுக்கப் போறேன்?" லீக் ஆட்களிடம் பேசியிருக்கிறாள். மைக்கிலிருந்து விடுதலை கிடையாதாம். ஆனால் களத்திலிருந்து வெளியே வந்த உடனே முகத்தில் விளக்கடிக்க மாட்டார்கள். தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, ஆன்சி பக்கத்தில் இருக்க, நாலைந்து கேள்வி மட்டும். வேண்டாத கேள்வியைத் தள்ளிவிடலாம். இதையெல்லாம் கேட்டால் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"இன்னொன்னு இருக்குண்ணா. உங்க வீட்டுல வெச்சு ஒரு படப்பிடிப்பு. எல்லா பிளேயருக்கும் உண்டு. உங்களது மட்டும்தான் பாக்கி."

"ஊட்டுக்கா? ஆகவே ஆகாது."

பிப்ரவரி 17

அரையிறுதிக்குப் போய்விட்டோம். நடுவில் இடைவெளி, வீட்டுக்கு வந்தேன்.

திருப்பிக் கேள்வி கேட்காதவர்கள் கிடைத்துவிட்டார்கள்! எங்கள் குஞ்சு ஷெட்டில் சில ஆயிரம் பேர். கதவை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு குரல் கொடுத்து, மெதுவாக உள்ளே போனேன். எங்கள் பண்ணையில் அப்படித்தான் போவோம். நடுவில் நின்று, தீனி அள்ளும் கிண்ணத்தை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு டீம் நல்லா ஆடுச்சுங்க" என்றேன். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. விரல் மரத்தது. மூச்சை இழுத்து விட்டேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தரம் ஒரு குஞ்சு என் கால் பெருவிரலைக் கொத்தியது. சிரித்துவிட்டேன். சிரித்ததும் தொண்டை திறந்துகொண்டது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் அப்பா.

"ஏஞ்சாமி, குஞ்செல்லாம் தீனி திங்காம உன்ற வாயவே பாத்துட்டு நிக்குது. என்ன சங்கதி?"

சொன்னேன். அவரிடம் இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டுவிட்டு, "அந்தப் பேப்பர்காரங்கள எப்பவாச்சும் ஊட்டுக்குக் கூப்புட்டு ஒரு வாய் சோறு போட்டிருக்கறயா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"அதான பாத்தேன்!"

வியாதியைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி நடந்துபோனார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அப்பா சின்னண்ணனுக்குப் பையனாக இத்தனை வருஷம் இருந்தும் தோன்றவில்லை பாருங்கள்.

பிப்ரவரி 18

அப்பா ஆன்சிக்குப் போன் போட்டிருக்கிறார்! வயிற்றுப்போக்கு அன்றைக்கு அவள் கூப்பிட்ட நம்பர் அம்மா போனில் இருந்திருக்கிறது.

"நான் கேக்கவே இல்லண்ணா. அவரே 'ஊட்டுக்கு வாங்க'ன்னாரு. சரி, படப்பிடிப்புக்கு நாலு பேர் வரட்டுங்களான்னேன். 'நாலு பேருக்கு எவனாச்சும் கெடா வெட்டுவானா, இருக்கறவங்க எல்லாத்தையும் கூட்டியா சாமி'ன்னாரு. அப்படியே குரூப்ல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"வர்றேன்னு இருபத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க."

அப்பாவிடம் போய்க் கத்தினேன். வேண்டாம்னு சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க, என்னைக் கேக்காம எப்படிக் கூப்புடலாம். அவர் அசையவில்லை.

"கூப்புட்ட ஒறம்பரைய வராதீங்கன்னு சொல்லச் சொல்றயா? அதுக்கு நம்மூட்டுல எவனுக்கும் நாக்கு கெடையாது. உனக்கு இருந்தா நீ சொல்லு."

எனக்கு நாக்கு இல்லாததுதானே பிரச்சினையே!

பிப்ரவரி 21

கிடா வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறது. எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அதிகப் பயம் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்தார்கள். இரண்டு வேன், நாலு பைக். எழுத எழுதத் தீராது போலிருக்கிறது, எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் வாந்தி. ஷாலினி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "நீங்க பேச வேண்டாம். பரிமாறுங்க, அது போதும்" என்றாள்.

முதல் கூத்து பண்ணை வாசலில். எங்கள் பண்ணைக்குள் போகிற யாரும் மருந்துத் தண்ணித் தொட்டியில் காலை நனைக்காமல் போகக்கூடாது. வெளியிலிருந்து வியாதி வந்துவிடும். அப்பா தடியோடு நிற்கிறார். "கலெக்டரா இருந்தாலும் கால நனைங்க." வெள்ளை வெள்ளையாக ஷூ போட்டு வந்தவர்கள் எல்லோரும் கழற்றிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கத்தரிப்பூ நிறக் காலோடு வரிசையாக நின்றார்கள். இவர்களைப் பார்த்தா நான் பயந்தேன்?

எனக்கு அடையாளம் தெரிந்தது ஒரு முகம்தான். ஈஸ்வர். போன சீசனில் அந்தக் கேள்வியைக் கேட்டவர். கையில் கேமரா, அதன் தலையில் அதே விளக்கு. விளக்கைப் போட்டுக்கொண்டு நேராகக் குஞ்சு ஷெட் கதவைத் தள்ளப் போனார்.

"நில்லுங்க!"

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக நான் கத்தி வருஷமாகிறது. இருபத்திரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"வெளக்க அணைங்க மொதல்ல. அப்படிப் படக்குன்னு போவக்கூடாதுங்க. கதவ ரெண்டு தட்டுத் தட்டோணும். ஒரு கொரலு குடுக்கோணும். அப்பறம் சித்த நேரம் நின்னு, மெதுவா போவோணும்."

"இல்லைன்னா என்னங்க ஆகும்?"

"மெரண்டுருங்க. எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் செத்துருங்க. வியாதி கெடையாது, ஒண்ணுங் கெடையாது. பயத்துலயே செத்துருங்க."

"தட்டுனா பயப்படாதா?"

"பயப்படுங்க. ஆனா யாரோ வாராங்கன்னு தெரிஞ்சுக்கும். தெரிஞ்சா தயாராயிருங்க. அது போதும்."

சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆன்சி ஒரு போனையும் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வர் விளக்கை அணைத்தார். கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்படிங்களா?" என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அப்புறம் பந்தி. கோழிப்பண்ணைக்காரன் வீட்டில் விருந்துக்குக் கோழி போட்டால் அது மரியாதை இல்லை என்பது அப்பாவின் கட்சி. கறிக்குழம்பு, குடல் வறுவல், ரத்தப் பொரியல், ஆளுக்கு இரண்டு முட்டை. நான் குழம்பு வாளியோடு இறங்கினேன். அவர்கள் வாயில் சோறு, என் கையில் கரண்டி. கேள்வி கேட்கிற முறை என்னுடையது. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? உங்களுக்கு எந்த ஊருங்க? அம்மா அப்பா எல்லாம் சௌக்கியங்களா?" வரிசையில் பாதி போவதற்குள் எனக்கே தெரியாமல் நான் பேசிக்கொண்டிருந்தேன். கணுக்காலை எங்கே பிடித்தால் நழுவாது என்று ஒருவருக்கு முருங்கைக்காயை வைத்துக் காட்டினேன்.

ஈஸ்வருக்கு ஜலகண்டாபுரமாம். மூன்றாவது தரம் கறி வைத்தபோது இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நீங்க பேசாம நின்னீங்கல்ல. எனக்கு அடுத்த கேள்வி மறந்துபோச்சுங்க. கேமரா உங்க பக்கம் இருந்ததால தப்பிச்சேன். என் பக்கம் இருந்திருந்தா நாந்தான் ஸ்டிக்கரு."

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது. இத்தனை மாதமும் அந்தப் பக்கம் ஒருவன் என்னைப் போலவே முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான்! அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

போகும்போது எல்லோருக்கும் அட்டை அட்டையாக முட்டை கட்டிக் கொடுத்தார் அப்பா. என்னிடம், "சோறு போட்டா செரியாப் போயிரும்னு சொன்னனில்ல?" என்றார். டாக்டர், மூச்சுப் பயிற்சி, ஷாலினி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். சரி, இருக்கட்டும். இன்று அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 25

வீடியோ வந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை. ஷாலினி பார்த்துவிட்டு, யாரும் கேலி செய்யவில்லை என்றாள். புது ஸ்டிக்கர் ஒன்று வந்திருக்கிறதாம். குழம்பு வாளியோடு நான், கீழே "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" மாமனார் முதல் ஆளாக அனுப்பியிருக்கிறார். இந்தத் தரம் யாரென்று தெரிந்தே.

மார்ச் 1

அரையிறுதி, சேலத்தில். ஊரிலிருந்து இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். அம்மா முதல் வரிசையில், மடியில் மாதுளம்பழத்தோடு. அவள் இன்னும் நம்பவில்லை.

கணக்கு எனக்குத் தெரியும். நன்றாக ஆடினால் மைக். மைக்கைத் தவிர்த்தால் மூன்றாவது தரம், இறுதி ஆட்டம் போய்விடும். மோசமாக ஆடினால் இரண்டும் இல்லை, ஆனால் அணியே போய்விடும். காலையிலேயே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பிடிக்கறது ஒரு வேலை. பேசறது வேற வேலை. ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு" என்றார்.

கடைசி ரெய்டு. ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம். உள்ளே வந்தவன் அன்றைக்கு நான் விட்ட அதே ஆள். என் பக்கம்தான் வருவான் என்று தெரியும், அவனுக்கு என் கை இளகும் என்று ஞாபகம் இருக்கும். வந்தான். காலை நீட்டினான். கணுக்கால் எலும்பு உள்ளங்கையில் பட்டது. மைக் ஞாபகம் வந்தது, வராமல் இல்லை. வரட்டும். பிடித்தேன். பிடித்தேன், பிடித்தேன், மற்ற ஆறு பேரும் மேலே வந்து விழும்வரை விடவே இல்லை. விசில் ஊதியும் விடவில்லை, அந்த ஆளே "அண்ணா, போதும்ணா" என்றான்.

குருமூர்த்தி சார் ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்து ஆட்டினார். "எருமை! எருமை!"

அப்புறம் அந்த அறை. தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். ஆன்சி பக்கத்தில். எதிரே இருபது, முப்பது முகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரல் மரத்தது. அதெல்லாம் அப்படியேதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

டொக், டொக்.

ஈஸ்வர். விரலை மடக்கி மேசையில் தட்டினார். விளக்கைப் போடவில்லை. தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரும் நாற்காலிக் கையில் தட்டினார். அதற்குப் பின்னால் ஒரு பெண், நோட்டு அட்டையில். யாரும் கேள்வி கேட்கவில்லை. காத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும். இரண்டும் ஒன்றாக வந்ததில் தொண்டை திறந்துகொண்டது.

"எல்லாரும் சாப்டீங்களாங்க?" என்றேன்.

அறையே சிரித்தது. கேள்விகள் வந்தன. மூன்றுக்குப் பதில் சொன்னேன். ஒன்றுக்கு, "இது எனக்கு வேண்டாங்க" என்றேன். யாரும் செத்துப்போகவில்லை. வெளியே வந்ததும் சட்டை முழுக்க வியர்வை. ஷாலினி என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளே அழுதுகொண்டிருந்தாள், இல்லை என்று சத்தியம் செய்கிறாள்.

மார்ச் 2

அம்மா மாதுளம்பழத்தை உரித்துக் கொடுத்தாள். பழத்தை. தோலை அல்ல.

மார்ச் 9

நேற்று இறுதி ஆட்டம். தோற்றோம்.

கடைசி ரெய்டு சென்னிமலைக்கு. கோட்டுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது பிடிபட்டான். கோப்பை அந்தப் பக்கம் போய்விட்டது. வருத்தம் இருக்கிறது, இல்லாமல் எப்படி. ஆனால் நேற்று ஒரு காலையும் நான் விடவில்லை. அது எனக்குப் போதும்.

மைக் முன்னால் உட்கார வேண்டிய பெயரில் என்னுடையது இல்லை, சென்னிமலையுடையது இருந்தது. ஆளைக் காணோம். ஆன்சி இரண்டு போனையும் வைத்துக்கொண்டு தவித்தாள். எனக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். அந்தக் கழிவறையில் அதே கடைசிக் கதவு, தாழ்ப்பாள் போட்டிருந்தது. தூக்கத்திலும் பேசுகிறவன் உள்ளே ஒரு சத்தம் இல்லாமல் இருந்தான்.

இரண்டு தட்டுத் தட்டினேன். "நான்தான்டா" என்று குரல் கொடுத்தேன். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து, "என்ன கேப்பாங்கண்ணா?" என்றான்.

"மனசுல என்ன ஓடுதுன்னு கேப்பாங்க."

"ஒண்ணும் ஓடலண்ணா."

"அப்ப அதையே சொல்லு. நானும் வாரேன். பக்கத்துல குந்திக்கறேன்."

தாழ்ப்பாள் திறந்தது.

போய் உட்கார்ந்தோம், இரண்டு பேரும், ஒரு மைக்குக்கு. அவன் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான், ஆட்டத்தில் சங்கிலி போடுகிற மாதிரி. அவனுக்கு வாய் திறக்க நேரமாகும் என்று தெரிந்ததும், அதுவரைக்கும் நாம் எதையாவது சொல்லிவைப்போம் என்று நான் ஆரம்பித்தேன். சென்னிமலை இந்த சீசனில் எத்தனை தரம் எங்களைக் காப்பாற்றினான், கடைசிக் கோட்டில் பிடிபடுவது எப்படி எல்லோருக்கும் நடக்கும், நான் எப்படிப் போன வருஷம் முழித்தேன், கணுக்கால், முருங்கைக்காய், எங்கள் பண்ணைக்குப் புதுக் குஞ்சு வருவது... சென்னிமலை சிரிக்க ஆரம்பித்து, நடுவில் அவனும் பேச ஆரம்பித்து, அவனை ஒரு வரி பேசவிட்டு மறுபடி நான்.

டொக், டொக்.

ஈஸ்வர் மேசையைத் தட்டினார். நான் நிறுத்திவிட்டு, கேள்வி ஏதோ வருகிறது என்று அவரைப் பார்த்தேன்.

"அண்ணா, மன்னிச்சுக்கோங்க" என்றார். "பேப்பர் அச்சுக்குப் போவோணுங்க. கொஞ்சம் நிறுத்துனீங்கன்னா நாங்க கெளம்பிக்கறோம்."